அலை எட்டாத அறை

வீட்டின் முன்மண்டபத்தில் நன்கு இயங்கும் வைஃபை, பின்னறையில் மாணவன் இணையவழிப் பாடம் கேட்க அமரும்போது அறுந்து போவதுண்டு. அது பெரும்பாலும் கருவியின் பழுதன்று, அலையின் இயல்பாகும். 2.4 கிகாஹேட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹேட்ஸ் அலை வேகத்திற் சிறந்ததெனினும், செங்கல்லையும் கொங்கிரீட்டையும் கடக்கையில் பெரிதும் தளர்ந்துவிடும்.

இக்குறையைத் தீர்க்க இரு வழிகள் உள. ஒன்று, றிப்பீட்டர். அது தான் கேட்டதையே திரும்பச் சொல்லும் கருவி. ஆதலால் அலை எட்டாத அறையில் அதனை வைத்தல் வீண். அலை இன்னும் வலுவுடனிருக்கும் இடைவழியில் வைத்தலே தகும். ஒரே அலைவரிசையிற் கேட்டலும் சொல்லலும் நிகழுமாயின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

மற்றையது, மூலையிற் கிடக்கும் பழைய ரவுட்டர். முதலில் அதற்கு 192.168.1.2 போன்று, மூலக் கருவியின் வரிசையில் வேறெதற்கும் வழங்கப்படாத முகவரியொன்றை இடுக. பின்பு, முகவரி வழங்கும் டிஎச்சிபி பணியை அதில் நிறுத்துக. அப்பணிக்கு ஓர் அதிகாரி போதும். அதன்பின் மூலக் கருவியின் லான் துளையையும் இதன் லான் துளையையும் ஈதர்நெற் கம்பியால் இணைக்குக. கம்பி 100 மீற்றரை மிஞ்சலாகாது. வலைப்பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிற்கும் ஒன்றாயிருக்கலாம், 2.4 கிகாஹேட்ஸில் அலைவரிசைகளோ 1, 6, 11 என்பவற்றுள் வெவ்வேறாதல் நன்று.

கம்பிவழி வருவதால் இங்கு வேகம் பாதியாவதில்லை. எனினும், டபிள்யூபிஏ2 பாதுகாப்பேனும் இல்லாத பழங்கருவியை விலக்குக. சிக்கனத்தின் பொருட்டுப் பூட்டில்லாக் கதவை வீட்டுக்கு இடுவார் உண்டோ?