நிர்வாகம் மாறினால் அணி மாறுமா? கண்டக்குழி ரசிகர் கேட்க வேண்டிய கேள்விகள்

கொழும்பு ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் 2025 ஜூன் 10ஆம் திகதி இலங்கை உதைபந்தாட்ட அணி சீன தாய்பே அணியை 3-1 என்ற கோல் கணக்கில் வென்றது. 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றில் கிடைத்த வெற்றி அது. கிரிக்கெட்டே எல்லாம் என்றிருக்கும் நாட்டில் இந்தச் செய்தி இரண்டு நாள் பேசப்பட்டு மறந்துபோயிருக்கலாம். ஆனால் கற்பிட்டிக் குடாநாட்டில், கண்டக்குழி போன்ற கரையோரக் கிராமங்களில் உதைபந்தைத் தங்கள் விளையாட்டாக நினைப்பவர்களுக்கு அது சாதாரண வெற்றி அல்ல. எதிரணி தரவரிசையில் நம்மை விட மேலே இருந்த அணி. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கைக்குச் சர்வதேசப் போட்டியில் ஆடவே அனுமதி இருக்கவில்லை.

புதிய நிர்வாகம், புதிய பயிற்றுவிப்பாளர், வெளிநாட்டில் பிறந்த புதிய வீரர்கள் என்று நம்பிக்கைக்கான காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றில் எது நிலைக்கும், எது ஒரு பருவக் காற்றோடு போய்விடும் என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு கீழே போனோம்?

இலங்கை 1952 முதல் பீஃபாவின் உறுப்பு நாடு. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை மேலதிக நேரத்தில் பெற்ற தங்கக் கோலால் 1-0 என வென்று சம்பியனானது. அதன் பிறகு இன்றுவரை அந்தக் கிண்ணம் திரும்பி வரவில்லை. நான்கைந்து இலட்சம் மக்கள் கொண்ட மாலைதீவு 2008இலும் 2018இலும் அதை வென்றது.

உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளில் தென் கொரியாவிடம் 2019இல் 8-0, 2021இல் 5-0 எனத் தோல்வி. 2022 ஜூனில் உஸ்பெகிஸ்தானில் நடந்த ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றிலும் ஒரு கோல் கூட இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் 211 நாடுகள் கொண்ட பீஃபா தரவரிசையில் இலங்கை 207ஆம் இடத்தில் நின்றது.

தடை ஏன் வந்தது?

2023 ஜனவரி 21ஆம் திகதி முதல் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை பீஃபா இடைநிறுத்தியது. இதற்குக் காரணம் களத்தில் நடந்த எதுவுமல்ல. ஒரு நாட்டின் சம்மேளனம் தன் அலுவல்களை வெளியார் தலையீடு இல்லாமல் தானே நடத்த வேண்டும் என்பது பீஃபாவின் விதி. அரசாங்கமும் இங்கே வெளியார்தான். நமது நாட்டிலோ 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் விளையாட்டுத்துறை அமைச்சருக்குப் பரந்த அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது. வெளிநாடு செல்லும் தேசிய அணிக்குக்கூட அமைச்சரின் அனுமதி வேண்டும். இந்த இரண்டு விதிகளும் உரசும் இடத்தில், சம்மேளனத் தேர்தல் இழுபறியும் சேர்ந்துகொண்டபோது தடை வந்தது.

இந்தியாவுக்கும் இதே காரணத்துக்காக 2022 ஓகஸ்டில் தடை வந்தது. அங்கே பதினொரு நாளில் அது தீர்ந்தது. இங்கே ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதங்களில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கையின் இடம் வெறுமையாக இருந்தது. 2023 முதல் 2026 வரையான காலத்துக்கு ஒவ்வொரு உறுப்பு நாடும் பீஃபாவிடமிருந்து 80 இலட்சம் அமெரிக்க டொலர் வரை பெறக்கூடிய அபிவிருத்தித் திட்டம் இருக்கிறது. இடைநிறுத்தப்பட்ட நாட்டுக்கு அந்தக் கதவும் மூடப்படும். நிர்வாகிகள் மோதிக்கொண்டார்கள், ஆட வேண்டிய வயதில் இருந்த வீரர்கள் ஓர் ஆண்டின் பெரும்பகுதியை இழந்தார்கள்.

அந்த ஓகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. செப்டெம்பரில் நடந்த தேர்தலில், 2021இல் ஒருமுறை தலைவராகத் தெரிவான ஜஸ்வர் உமர் மீண்டும் தலைவரானார்.

மாற்றம் எங்கே தெரிகிறது?

2023 ஒக்டோபரில் யேமனிடம் முதல் ஆட்டத்தில் 3-0 எனத் தோற்ற அணி, கொழும்பில் 1-1 எனச் சமநிலை செய்தது. 2024 மார்ச்சில் கொழும்பில் நடந்த பீஃபா தொடரில் பப்புவா நியூகினியுடன் கோலின்றிச் சமநிலை, பூட்டானுடன் 2-0 வெற்றி. அதே ஆண்டு செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்டனை உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்கு முன்னேறியது. பின்னர் நேபாளத்தை 2021 தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டி வரை கொண்டு சென்ற குவைத் நாட்டவரான அப்துல்லா அல்முதைரி பயிற்றுவிப்பாளரானார். 2025 மார்ச்சில் பெங்கொக்கில் தாய்லாந்திடம் தோற்றாலும் கோல் வித்தியாசம் ஒன்றுதான்.

தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தாய்பே ஆகியன உள்ள குழுவில் முதலிடம் பெறும் ஒரே அணிதான் சவூதி அரேபியாவில் நடக்கும் ஆசியக் கிண்ணத்துக்குச் செல்லும். ஆகவே தகுதி பெறுவதை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எட்டுக் கோல் வாங்கிய அணி ஒரு கோலில் தோற்கும் அணியாக மாறுவதும் முன்னேற்றமே.

வெளிநாட்டில் வளர்ந்த வீரர்கள்

இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு புலம்பெயர் குடும்பங்களின் பிள்ளைகளுடையது. ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக், இங்கிலாந்தின் டிலன் டி சில்வா, சுவீடனில் வளர்ந்த தமிழ் வம்சாவளி வீரர் ஆதவன் ராஜமோகன், அவுஸ்திரேலிய ஏ-லீக்கில் நீண்டகாலம் ஆடிய ஜெக் ஹிங்கேர்ட் ஆகியோர் இந்த வழியில் வந்தவர்கள். தாய், தந்தை, பாட்டன், பாட்டி ஆகியோரில் ஒருவராவது இலங்கையில் பிறந்திருந்து, வீரரும் இலங்கைக் குடியுரிமை பெற்றிருந்தால் பீஃபா விதி அனுமதிக்கிறது. இதில் குறுக்குவழி எதுவும் இல்லை. உலகின் பல நாடுகள் செய்வதுதான்.

ஆனால் இதன் எல்லையையும் பார்க்க வேண்டும். அந்த வீரர்களை உருவாக்கியது பெர்லினினதும் லண்டனினதும் இளையோர் பயிற்சிக்கூடங்கள். பத்து வயதிலிருந்து வாரந்தோறும் ஒழுங்கான போட்டி, பயிற்சி பெற்ற ஆசான், உணவு, மருத்துவம் எல்லாம் அங்கே கிடைத்தன. நாம் பெற்றது விளைந்த கதிர். வயல் நம்முடையது அல்ல. அவர்களோடு ஆட நாட்டுக்குள்ளிருந்து வீரர்கள் எழும்பாவிட்டால், இந்தத் தலைமுறை ஓய்வு பெறும் நாளில் அணி பழைய இடத்துக்கே திரும்பும்.

கண்டக்குழிக்கு இதில் என்ன?

கண்டக்குழியிலிருந்து கொழும்பு சுமார் 160 கிலோமீற்றர். தெரிவுப் போட்டிக்கு ஒரு பிள்ளை போக வேண்டுமென்றால் பாலாவி வழியாகப் பல மணிநேரப் பஸ் பயணம், கூடவே ஒருவர், இருவருக்குமான சாப்பாட்டுச் செலவு. கடலுக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஒரு நாள் உழைப்பின் இழப்பும் கூட. காற்றாடிச் சறுக்கலுக்காக உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் தேடி வரும் கரை இது. ஆனால் இங்குள்ள பையனின் ஆட்டத்தைப் பார்க்கத் தெரிவாளர் ஒருவர் வருவது அரிது.

புத்தளம் மாவட்டம் உதைபந்துக்குப் புதிதல்ல. 2021இல் பத்துக் கழகங்களுடன் தொடங்கிய சுப்பர் லீக்கில் வென்னப்புவ நியூ யங்ஸ் ஆடியது. அந்த லீக்குக்குத் தொடர்ச்சி கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் தொடங்கி ஒரே மாதத்தில் முடியும் லீக் இல்லாத நாட்டில், கழகங்கள் இளம் வீரர்களில் முதலிட மாட்டார்கள். பெற்றோரும் பிள்ளையை நம்பி அனுப்ப மாட்டார்கள்.

ஆகவே புதிய நிர்வாகத்தை அளக்க மூன்று கேள்விகள் போதும். தேசிய லீக் குறித்த காலத்தில், இடைவெளியின்றி நடக்கிறதா? மாவட்ட மட்டத்தில் 12, 14, 16 வயதுக்குட்பட்டோருக்கு ஆண்டு முழுவதும் போட்டி உண்டா? தெரிவாளர்கள் கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் வருகிறார்களா, அல்லது பிள்ளைகளே கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறதா?

இந்தக் கேள்விகளைக் கொழும்பை நோக்கி மட்டும் கேட்க வேண்டியதில்லை. சம்மேளனத்தின் தலைவரை வாக்களித்துத் தெரிவு செய்வது மாவட்ட, பிரதேச லீக்குகளின் பிரதிநிதிகள். அந்த லீக்குகளை உருவாக்குவது ஊர்க் கழகங்கள். கண்டக்குழியில் மாலையில் பந்து பார்க்க நிற்பவருக்கு ஜஸ்வர் உமரின் தொலைபேசி இலக்கம் தெரியாது. ஆனால் தன் கழகச் செயலாளரை அவருக்குத் தெரியும். தேர்தல் வரும்போது நம்முடைய வாக்கை யாருக்கு, என்ன வாக்குறுதிக்காகக் கொடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்கலாம். பிள்ளைகளுக்கான போட்டி இந்த ஆண்டு எத்தனை நடந்தது என்றும் கேட்கலாம். பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பதுதான் ரசிகன் செய்யக்கூடிய வேலை.