புரொசசர் குளிர்ந்தது, பக்கத்தில் கொதித்தது

2022 யூலை 19ஆம் திகதி லண்டனில் இருந்தவர்கள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். ஹீத்ரோவில் 40.2 பாகை செல்சியஸ். பிரித்தானியாவில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. எங்களில் பலர் வைத்தியத்துக்குப் போய்வரும் கைஸ், சென் தோமஸ் மருத்துவமனைகளின் இரண்டு தரவு நிலையங்களும் அன்று குளிரூட்டல் தாக்குப்பிடிக்காமல் நின்றுபோயின. மருத்துவர்கள் பழையபடி காகிதமும் பேனாவும் எடுக்க வேண்டி வந்தது. எல்லாம் வழமைக்குத் திரும்பப் பல வாரங்கள் சென்றன.

அதே கிழமை எங்கள் வீட்டின் லொஃப்ற் அறையிலும் ஒரு கணினி தடுமாறியது. செய்தியாகும் அளவுக்கு அது பெரிய விடயமல்ல. ஆனால் அதில் ஏற்றிக்கொண்டிருந்தது என் தகப்பனாரின் இறுதிச் சடங்கு வீடியோ. தொண்ணூறுகளில் ஊரிலிருந்து யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய கசற். நான் போக முடியாத செத்தவீட்டை நான் பார்த்தது அதில்தான். முப்பது வருடப் பழைய நாடாவை எத்தனை தரம் ஓட்டலாம் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இடத்தை மிச்சம் பிடிக்க, நாடா ஓடும்போதே நிறத்தைத் திருத்திச் சுருக்கிச் சேமிக்கும்படி மகன் ஒழுங்கு செய்திருந்தான். அவன் தானே பூட்டிய கணினி, புரொசசருக்கு நீர்க்குளிர்ப்பு வேறு. இருபது நிமிடம் நன்றாகப் போனது. பிறகு படம் விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. கணினியின் வேகம் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது.

"அப்பா, புரொசசர் அறுபது பாகைதான் காட்டுது. சூட்டுப் பிரச்சினை இல்லை" என்றான் அவன்.

பிரச்சினை சூடுதான். அவன் பார்த்த இடத்தில் அது இருக்கவில்லை. கணக்காளன் நான், பொறியியல் படித்தவனல்ல. ஆனாலும் ஒரு வரியில் எல்லாம் சரியாகத் தெரிந்தால் அடுத்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். வெப்பநிலைப் பட்டியலைக் கீழே இறக்கிப் பார்த்தோம். 'வி.ஆர்.எம்.' என்ற வரியில் 113 என்று இருந்தது.

வி.ஆர்.எம். என்பது மதர்போட்டில் உள்ள மின்சீராக்கிப் பகுதி. ஊரில் தெரு முனையில் நின்ற ட்ரான்ஸ்போமரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பியில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுத்தது அது. கணினிக்குள்ளும் இதே கதைதான். பவர் சப்ளை தருவது 12 வோல்ற். புரொசசருக்குத் தேவை 1.2 வோல்ற் அளவில். இடையில் நின்று குறைத்துக் கொடுப்பவை மொஸ்பெற் எனப்படும் நகத்தளவுச் சில்லுகள், பக்கத்தில் சோக் எனப்படும் சுருள்கள், கப்பாசிற்றர்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். புரொசசர் 120 வாற்று கேட்டால், 1.2 வோல்ற்றில் அது 100 அம்பியர். உங்கள் குசினிக் கேத்தலின் பிளக்கில் இருக்கும் பியூஸ் 13 அம்பியர். அவ்வளவு பெரிய மின்னோட்டம் இந்தச் சின்னச் சில்லுகளுக்குள்ளால் போகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் திறனோடு வேலை செய்தாலும் ஏறத்தாழ 13 வாற்று வெப்பமாக வெளியேறும். தொகை சிறிது, ஆனால் அது கக்கப்படும் இடம் அதைவிடச் சிறிது.

இதனால்தான் வேலையைப் பல கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். நாலு கட்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 25 அம்பியர், எட்டு என்றால் பன்னிரண்டரை. மின்தடையால் வரும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே சுமையைப் பிரிக்கப் பிரிக்க அந்த வெப்பம் குறையும். மலிவான மதர்போட்டில் கட்டங்கள் குறைவு. அவற்றின் மேல் வெப்பத்தை உறிஞ்சும் உலோகக் கட்டி இல்லாமலும் இருக்கலாம்.

நீர்க்குளிர்ப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பெட்டியோடு வரும் சாதாரண விசிறி புரொசசரின் மேல் கீழ்நோக்கி ஊதும். அந்தக் காற்று பக்கவாட்டில் விரிந்து மொஸ்பெற்றுகளையும் தொட்டுவிட்டுப் போகும். யாரும் கேட்காமலே கிடைத்த உதவி அது. நீர்க்குளிர்ப்புப் பூட்டும்போது அந்த விசிறி போய்விடுகிறது. புரொசசரின் வெப்பத்தை மட்டும் குழாய் வழியே தண்ணீர் எடுத்துக்கொண்டு ரேடியேற்றருக்குப் போகிறது. வாய்க்காலில் இறைத்தபோது ஓரத்துப் பயிரும் நனைந்தது. குழாய் போட்டு ஒரு பாத்திக்கு மட்டும் விட்டதும் ஓரம் காய்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

வி.ஆர்.எம். அளவுக்கு மீறிச் சுட்டால், வேகத்தைக் குறை என்று புரொசசருக்குச் சைகை போகும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி தானே நின்றுவிடும். இது மலிவு மதர்போட்டுகளின் குறை மட்டுமல்ல. 2017இல் இன்ரெல்லின் விலை கூடிய எக்ஸ்299 வகை மதர்போட்டுகளிலேயே இந்தப் பகுதி கொதிப்பதை ஜெர்மனியரான 'டெர்பௌவர்' ரோமன் ஹார்ட்டுங் வெளிப்படையாகக் காட்டி, அது பெரிய விவாதமானது. அழகுக்காகச் செய்த கட்டிகள், காற்றுப் போக வழியில்லாதவை என்பது குற்றச்சாட்டு. 2019இல் வந்த ஆர்க்ரிக் நிறுவனத்தின் லிக்குவிட் ஃபிரீசர் 2 நீர்க்குளிர்ப்பில், இந்தப் பகுதிக்கென்றே 40 மில்லிமீற்றர் விசிறி ஒன்றைச் சேர்த்தார்கள்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் அளவுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வி.ஆர்.எம். அல்லது மொஸ் என்ற வரியைத் தேடுங்கள். கணினிக்கு அரை மணி நேரமாவது பாரமான வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள். 90 பாகைக்குள் நின்றால் கவலை வேண்டாம். 100ஐத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் கவனிக்க வேண்டும். சில மதர்போட்டுகளில் இதற்கான உணரியே இருக்காது.

இரண்டாவது, காற்றோட்டம். வி.ஆர்.எம். இருப்பது புரொசசருக்கு மேலேயும் பின்பக்கத் துளைகளை ஒட்டியும். எனவே பின்பக்கம் காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறி கட்டாயம் வேண்டும். ரேடியேற்றரை மேலே பூட்டிக் காற்றை வெளியே தள்ளவிட்டால், பெட்டிக்குள் இருக்கும் காற்று வி.ஆர்.எம். பக்கமாகவே ஏறிப் போகும். முன்பக்கம் பூட்டினால் புரொசசரின் வெப்பத்தைச் சுமந்த காற்றுத்தான் உள்ளே வரும்.

மூன்றாவது, ஒரு சின்ன விசிறியை அந்த உலோகக் கட்டியை நோக்கி ஊதும்படி பிளாஸ்ரிக் நாடாவால் கட்டிவிடுங்கள். கட்டி இல்லாத மொஸ்பெற்றுகளுக்கு ஒட்டும் சிறு கட்டிகள் விற்கிறார்கள். ஒட்டு காய்ந்து அது கீழே விழுந்தால் மின்சுற்றுக் குறுகி எல்லாம் போகும். கவனம்.

நாலாவது, செலவே இல்லாத வழி. பயோஸில் புரொசசருக்கான மின்வரம்பைக் குறையுங்கள். மின்னோட்டம் 20 வீதம் குறைந்தால், மின்தடையால் வரும் வெப்பம் 36 வீதம் குறையும். வேலை கொஞ்சம் மெதுவாகும், ஆனால் நடுவில் நிற்காது.

தேய்மானம் எழுதுவது என் தொழில் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 105 பாகையில் 5,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட திண்மக் கப்பாசிற்றர் அந்தச் சூட்டில் இடைவிடாமல் ஓடினால் ஏழு மாதம். 20 பாகை குறைத்தால் ஆயுள் ஏறத்தாழ பத்து மடங்கு, ஐந்தரை வருடத்துக்கும் மேல். ஒரு சின்ன விசிறியின் விலைக்கு இவ்வளவு லாபம் தரும் முதலீட்டை நான் என் வாடிக்கையாளர் யாருக்கும் காட்டியதில்லை.

நாங்கள் விசிறியைக் கட்டி, மின்வரம்பையும் குறைத்தோம். 113 இருந்த இடத்தில் 84 வந்தது. வெக்கை தணிந்த ஒரு விடியற்காலை நாடாவை முதலிலிருந்து ஓட்டினோம். கிரியை தொடங்கி, வாசலில் ஊர்ச்சனம் நின்று பாடை ஏறும் வரை ஒரு இடத்திலும் அறுபடாமல் ஏறியது. மகன் தன் அப்பப்பாவின் முகத்தை அன்றுதான் முதன்முதல் பார்த்தான்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு கசற் இருக்கும். அதை எடுத்து ஓட்டுவதற்கு முன்னம், கணினியில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.