சந்நிதித் தெருச் சொப்புக் கடைகள்

நம் தலைமுறையினரில் பலருக்குக் கோயில் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது கோபுரமும் அன்று, கருவறையும் அன்று. சந்நிதித் தெருவில் இருந்த பொம்மைக் கடைதான். இதைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை. பெரியவர்கள் கோபுரக் கலசத்தை நோக்கிக் கைகூப்பி நின்ற வேளையில், சிறுவர்களாகிய நம் கண்களுக்கு எட்டிய உயரத்தில் இருந்தவை, கோணிச் சாக்கின் மீது பரப்பி வைத்திருந்த சொப்புச் சாமான்களே. இறைவனைக் காணப் பிள்ளை ஆவலோடு கிளம்பியதற்கு அந்தக் கடையும் ஒரு காரணம்.

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிற்றூர்களில் பொம்மைக்கென்று தனிக் கடை கிடையாது. கோயில் வாசலே கடைவீதி. தேர்த்திருவிழாவே விற்பனைக் காலம். தேங்காய், பழக் கடைகளைத் தாண்டினால் வளையல் கடை. அதனை அடுத்துப் பொம்மைக் கடை. மரச் சொப்பு, மண் சொப்பு, மாக்கல் சொப்பு, பனையோலைக் கிலுகிலுப்பை, பம்பரம், ஊதல், காகிதக் காற்றாடி என்று அங்கே இல்லாதது இல்லை. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் அக்கடைக்குச் சென்ற பிள்ளையின் கையில் அரையணாவோ ஓரணாவோ இருந்தது. அதன் பின்னர்ச் சென்ற பிள்ளையின் கையில் ஐந்து பைசாவோ பத்துப் பைசாவோ இருந்தது. நாணயம் மாறியதே தவிர, அதை வியர்க்க வியர்க்க இறுகப் பற்றியிருந்த சின்னஞ்சிறு கை மாறவில்லை.

முதலில் சுவாமி, பிறகு பொம்மை

அந்நாளில் எல்லா வீடுகளிலும் ஒரே சட்டம்தான்: முதலில் சுவாமி தரிசனம், அதன் பிறகே பொம்மை. பிராகாரம் வலம் வந்து, கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கி, சற்று நேரம் அமர்ந்து எழுந்த பின்னரே கடைப் பக்கம் திரும்ப அனுமதி கிடைக்கும். அதுவரை பிள்ளை காத்திருக்க வேண்டும். 'அந்தச் சிவப்புப் பம்பரத்தை வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது' என்பதே பலர் சந்நிதியில் மனமுருகி வைத்த முதல் விண்ணப்பம். வேண்டுதல் சிறியதுதான். ஆயினும் தன் ஆசையை இறைவனிடம் சொல்லலாம், சொல்லிவிட்டுப் பொறுமையோடு காத்திருக்கலாம் என்ற இரண்டு பாடங்களையும் அந்தப் பம்பரம் கற்பித்துவிட்டது.

புலவர்கள் கண்ட சிறுதேர்

குழந்தையின் விளையாட்டுப் பொருளை நம் முன்னோர் அற்பமாக எண்ணியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைச் செல்வப் பிள்ளைகள் உருட்டி விளையாடியதைக் குறிப்பிடுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலும் பிள்ளைகள் உருட்டும் சிறுதேர் வருகிறது. நாம் தளர்நடை பயில்வதற்குத் தச்சர் செய்து தந்த நடைவண்டிக்கும் சக்கரங்கள் மூன்றே என்பதை நினைத்தால் உள்ளம் சிலிர்க்கிறது.

பிள்ளைத்தமிழ் நூல்களோ இறைவனையே குழந்தையாக்கி விளையாட விடுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவை. மணல் வீட்டைச் சிதைப்பதும், சிறு பறையை முழக்குவதும், சிறு தேரை உருட்டுவதும் அங்கே தெய்வத்தின் திருவிளையாடல்கள். ஆண்டாள் நாச்சியார் தாம் பாடிய நாச்சியார் திருமொழியில், தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுவதாக ஒரு பதிகமே அருளியிருக்கிறார். விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் இடையே நம் பெரியோர் சுவர் எழுப்பவில்லை. கோயில் வாசலில் பொம்மைக் கடை அமைந்ததும் இந்த மரபுக்கு இசைந்ததே.

மன்னர் மண்டபமும் வணிகர் கடையும்

மதுரையில் மீனாட்சியம்மன் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தை எண்ணிப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய வசந்த மண்டபம் அது. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது, அம்மையே சிறுமியாக வந்து அந்த மன்னரின் மடியில் அமர்ந்து கேட்டு, முத்துமாலை பரிசளித்தாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மையைக் குழந்தையாகக் கண்ட மன்னரின் மண்டபத்திலே, பிற்காலத்தில் பாத்திரம், புத்தகம், வளையல், விளையாட்டுச் சாமான் ஆகியவற்றை விற்கும் கடைகளும் தையற்காரர்களின் இயந்திரங்களும் நிறைந்தன. சிற்பத் தூண்களுக்கு நடுவே நின்று சொப்புச் சாமான் பேரம் பேசிய தாய்மார்கள் எத்தனை பேர்! அண்மை ஆண்டுகளில், மண்டபத்தின் சிற்பங்களைக் காக்கும் பொருட்டு அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபம் தன் பழைய பொலிவைப் பெறுவது நமக்கு மகிழ்ச்சியே. அங்கே கைபிடித்து நடந்தவர்களின் நெஞ்சில் ஒரு மெல்லிய ஏக்கம் எஞ்சுவதும் இயல்பே.

கடைசலும் தலையாட்டியும்

அந்நாளைய பொம்மைகளுக்கு ஊரும் உண்டு, உழைப்பும் உண்டு. தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம் மரச் சொப்புக்குப் பெயர் பெற்றது. கடைசல் பட்டறையில் மரத் துண்டைச் சுழலவிட்டு, உளியால் குடமாகவும் உரலாகவும் உருட்டிக் கடைவார்கள். சுழலும்போதே வண்ண அரக்குக் கட்டியை அதன் மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிந்து பளபளக்கும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு முழு அடுக்களையே சிறிய ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

தஞ்சாவூரின் பெருமை தலையாட்டி பொம்மை. அடிப்பாகம் கனமாகவும் வளைவாகவும் இருக்கும். மேற்பாகம் இலேசாக இருக்கும். எப்படித் தள்ளினாலும் ஆடி ஆடி, முடிவில் நிமிர்ந்தே நிற்கும். இப்பொம்மைக்கு 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அடித்தளம் உறுதியாக இருந்தால், வாழ்க்கை எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்துவிடலாம் என்பதை இதைவிட எளிதாகக் குழந்தைக்கு யார் விளக்க முடியும்? பண்ருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் மண்ணைக் குழைத்துத் தெய்வ உருவங்கள் செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நவராத்திரி நெருங்கும்போது சென்னை மயிலாப்பூரின் வடக்கு மாடவீதி அத்தகைய பொம்மைகளால் நிறைந்து விடுகிறது.

பெட்டிக்குள் இருந்த வீடு

கொலுப் படியில் தசாவதாரத்துக்கும் அஷ்டலட்சுமிக்கும் இடம் உண்டு. கீழே செட்டியார் கடைக்கும் சொப்புச் சாமானுக்கும் இடம் உண்டு. திருமணமாகிச் செல்லும் பெண்ணுக்கு மரப்பாச்சி இணையைச் சீராகக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல இல்லங்களில் இருந்தது. சிறுமியாக ஆடை உடுத்தி விளையாடிய அதே மரப்பாச்சி, புகுந்த வீட்டில் கொலுப் படியேறித் தெய்வத்தன்மை பெற்றது. விளையாட்டாகத் தொடங்கியது வழிபாடாக நிறைவெய்தியது.

இன்றும் சொப்புப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. பேரப் பிள்ளைக்கு அதை வாங்கித் தருவதும் எளிது. ஆனால் ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். அந்தப் பெட்டியைத் திறக்கும் குழந்தை அம்மியைக் கண்டதில்லை; உரலும் உலக்கையும் அதன் வீட்டில் இல்லை; திருகையை எடுத்துக் காட்டி, 'இது என்ன?' என்றுதான் கேட்கும். நம் காலத்தில் சொப்பு, அடுக்களையில் அன்றாடம் கண்டதன் சிறு வடிவம். இன்றைய குழந்தைக்கோ அது பெயர் தெரியாத மரத்துண்டு. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அருகில் ஒருவர் இல்லாவிட்டால், பெட்டி இரண்டே நாளில் பரணுக்குப் போய்விடும். அதைச் செய்த கைகளுக்கும் வேலை இல்லாமல் போய்விடும்.

விடை சொல்லக்கூடியவர்கள் யார்? அம்மியில் அரைத்ததையும், திருகையில் உளுந்து உடைத்ததையும், வெண்கலப் பானையில் பொங்கல் பொங்கியதையும் கண்ணால் கண்ட நாம்தான். நமக்குப் பின் வருபவர்கள் இவற்றைப் படத்தில் காட்டலாம். ஆட்டுக்கல்லில் மாவு அரைபடும் ஓசையையும், அந்த மாவைத் தள்ளிக் கொடுத்த பாட்டியின் கையையும் அவர்களால் சொல்ல இயலாது.

ஆகவே அன்பர்கள் அடுத்த முறை பேரக் குழந்தைகளோடு ஆலயம் செல்லும்போது, பழைய சட்டத்தையே கடைப்பிடிக்கலாம். முதலில் தரிசனம். பிறகு, மரத்தாலோ மண்ணாலோ ஆன ஒரு பொம்மை. அது எந்த ஊரில் செய்தது என்று குழந்தையின் காது கேட்கக் கடைக்காரரிடமே விசாரிக்கலாம். வீடு திரும்பியதும் முழங்கால் வலியைச் சற்றே பொறுத்துக்கொண்டு, தரையில் உட்கார இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே, பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். சின்ன அடுப்பில் பொய்ச் சோறு பொங்கி, முதல் கவளத்தைச் சின்னப் பிள்ளையாருக்குப் படைத்த பின்னரே தாத்தாவுக்கும் பாட்டிக்கும் பரிமாற வேண்டும் என்று கற்பிக்கலாம். அந்தப் பொய்ச் சோற்றை உண்டு, 'உப்பு சரியாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டியதும் நம் கடமையே.