குண்டு எழுத்தைக் கண் எப்படிப் படிக்கிறது?

பள்ளிச் சிற்றுண்டிச்சாலை தினத்துக்குச் சுவரொட்டி தயாரிக்கும் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறக்கிறீர்கள். தடித்து, உருண்டு, பழைய கால விளம்பரம்போல ஓர் எழுத்துரு கண்ணில் படுகிறது. அதன் பெயர் கூப்பர் பிளாக். அதைப் பயன்படுத்தலாமா?

முதலில் அதன் கதையைப் பார்ப்போம். இதை வடிவமைத்தவர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பணியாற்றிய ஆஸ்வால்ட் கூப்பர். 1922ஆம் ஆண்டில் இது விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் எழுத்து என்பது ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி ஆகியவை கலந்து வார்த்த உலோகத் துண்டு. விளம்பரங்களுக்குத் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் தடித்த எழுத்து தேவைப்பட்டது. பின்னர், 1966இல் தி பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் உறையிலும் இதே எழுத்துரு இடம்பெற்றது.

எழுத்துக் கோடுகளின் முனையில் இருக்கும் சிறிய நீட்சியைச் 'செரிஃப்' என்பார்கள். பல எழுத்துருக்களில் அது கூர்மையாக இருக்கும். கூப்பர் பிளாக்கிலோ அது உருண்டு, மாவில் பிடித்து வைத்ததுபோல் இருக்கும். கோடுகள் மிகத் தடிமனானவை. அதனால் எழுத்துகளுக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலச் சிறிய 'ஈ' எழுத்தின் உள்ளே ஒரு சிறு கீற்று மட்டுமே மிஞ்சுகிறது.

இங்கேதான் அறிவியல் வருகிறது. இயல்பான பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு கோணத்தில் உள்ள இடைவெளியைப் பிரித்தறியும். 6 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 1.75 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய இடைவெளி மங்கி மறைந்துவிடும். அப்போது 'ஈ', 'ஓ' போலத் தெரியும். ஆக, தடித்த எழுத்து கண்ணை விரைவாக ஈர்க்கும்; ஆனால், அதைப் படிக்க உதவுவது அதனுள் இருக்கும் வெற்றிடமே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே சொல்லைக் கூப்பர் பிளாக்கிலும் சாதாரண எழுத்துருவிலும் 12 புள்ளி, 72 புள்ளி அளவுகளில் அச்சிடுங்கள். சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகருங்கள். எந்த எழுத்தின் வெற்றிடம் முதலில் அடைபடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நண்பரையும் அதே இடத்தில் நிற்கச் செய்து ஒப்பிடுங்கள்.

தமிழுக்கும் இந்த விதி பொருந்தும். கூப்பர் பிளாக்கில் தமிழ் எழுத்துகள் இல்லை. வேறு தடித்த தமிழ் எழுத்துருவைத்தான் தேட வேண்டும். அப்போது சுழிகளைக் கவனியுங்கள். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் தடித்து அடைபட்டால், தூரத்தில் நிற்பவருக்கு 'மணம்' எது, 'மனம்' எது என்று தெரியாது.

எனவே, சுவரொட்டியில் மூன்று நான்கு சொற்கள் கொண்ட தலைப்புக்குக் கூப்பர் பிளாக்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பெரிதாக அச்சிடுங்கள். நாள், நேரம், விலைப்பட்டியல் போன்ற விவரங்களை மெல்லிய, எளிய எழுத்துருவில் கொடுங்கள். அச்சிடும் முன் ஒருமுறை, மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து உங்கள் சுவரொட்டியைப் படித்துப் பாருங்கள். அங்கிருந்து படிக்க முடிந்தால், உங்கள் தேர்வு சரிதான்.