இரத்தக் கசிவுக்கு இரத்த உறைவுத் தடுப்பு ஊசியா?

"மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது என்கிறீர்கள், அப்படியிருக்க, இரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுவது ஏன்?" மகப்பேற்றுக்குப் பின் கடும் தலைவலியோடும் வலிப்போடும் அழைத்துவரப்படும் இளந்தாய்மாரின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் நியாயமான கேள்வி இது.

மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரை அடைபட்டால், இரத்தம் பின்னே தேங்கி அழுத்தம் உயர்கிறது, மூளை வீங்குகிறது, சிலருக்கு நுண்குழாய்கள் கசிகின்றன. கசிவுக்குக் காரணம் அந்த அடைப்பே. ஆகவே உறைவு மேலும் பரவாமல் தடுப்பதே முதற்சிகிச்சை. அதற்காகவே முதலில் ஹெப்பாரின் ஊசி போடுகிறோம். பின்னர் பெரும்பாலோருக்கு 3 முதல் 12 மாதங்கள் வரை மாத்திரை தருகிறோம். உறைந்த கட்டியை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளும். வீக்கம் உயிருக்கு ஆபத்தாகும் சிலருக்கு மட்டும், மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக அகற்றும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வார்ஃபரின் உட்கொள்வோருக்கு ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கான பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தலைவலி நின்றுவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளை பெற்ற தாய்க்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். உடலில் நீர் வற்றினால் இரத்தம் எளிதில் உறையும். உரிய காலத்தில் சிகிச்சை பெறுவோருள் பெரும்பாலோர் நலமுடன் வீடு திரும்புகின்றனர்.