மோட்டார் வண்டியின் ஆசனமும் அதன் ஆயுளும்

மோட்டார் வண்டி வாங்குவோர் இயந்திரத்தின் வலிமையை விசாரிப்பர். எரிபொருட் செலவைக் கணக்கிடுவர். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டியும் பார்ப்பர். ஆசனத்தைப் போர்த்தியிருக்கும் பொருள் யாது, அதன் கீழே அடைத்திருப்பது யாது என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் பத்து ஆண்டுகள் கழிந்தபின் உரிமையாளரை நாள்தோறும் வருத்துவது பெரும்பாலும் வண்டியின் உட்புறமே. வெடித்த ஆசனம், தொங்குகின்ற கூரைத்துணி, ஊறி நாற்றமெடுக்கும் தரைவிரிப்பு ஆகியன, நன்றாக ஓடும் வண்டியையும் விற்றுவிடத் தூண்டுகின்றன. ஒரு வண்டியை இருபது, முப்பது ஆண்டு வைத்திருக்கக் கருதுபவர் இவற்றையும் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வண்டியை நெடுங்காலம் வைத்திருத்தல் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் புதியதன்று. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய ஆங்கில வண்டிகள், அவை செய்யப்பட்ட நாட்டில் அருங்காட்சிப் பொருளாகிவிட்ட பின்னரும் இங்கே வாடகைக்கு ஓடின. மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1971இல் அதன் உற்பத்தி முடிவுற்றது. 1977 வரை நாட்டில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாக இருந்த வண்டியையே பேணவேண்டியதாயிற்று. 1990இற்குப் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயால் ஓட்டினார்கள். வண்டி நின்றுவிட்டால் குடும்பத்தின் வருவாயும் நின்றுவிடும் என்ற நிலையில், அவ்வண்டிகளின் இரும்பும் ஆசனமும் ஒருங்கே காப்பாற்றப்பட்டன. அண்மையிலும் இத்தகைய நிலை வந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே, இருப்பதைப் பேணும் கலை இன்றும் பயன் குன்றாததாகும்.

உடுவிலை எடுத்துக்கொண்டால், வண்டியின் உட்புறத்தைத் தாக்கும் பகைகள் தெளிவாகப் புலப்படும். மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் அருகே செம்பாட்டு நிலத்தில் அமைந்த ஊர் அது. புகையிலையும் வெங்காயமும் விளையும் அந்நிலத்தின் நுண்ணிய செம்புழுதியைச் சோளகக் காற்று வண்டிக்குள்ளே கொண்டுவந்து சேர்க்கின்றது. துணியின் இழைகளுக்கிடையே புகுந்த புழுதி, அமர்வோரின் ஒவ்வோர் அசைவிலும் அரம்போல் நின்று இழையை அறுக்கின்றது. வெயிலோ இதனினுங் கொடியது. மூடி நிறுத்திய வண்டியினுள் காற்றின் வெப்பம் 60 பாகை செல்சியசை எட்டக்கூடும். கண்ணாடியின் கீழுள்ள முன்தட்டு அதனினும் மிகுதியாகச் சூடேறும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி ஈரத்தையும் பூஞ்சணத்தையும் தருகின்றது. குடாநாட்டின் எப்பகுதிக்கும் கடல் தொலைவில் இல்லாமையால் உப்புக்காற்றும் உண்டு. இவற்றோடு மனிதரின் வியர்வையையும் தலையெண்ணெயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்பகைகளுக்கு ஒவ்வொரு பொருளும் எவ்வாறு ஈடுகொடுக்கின்றது என்பதே அடுத்து ஆராயத்தக்கது. உண்மைத் தோல் பழம்பெருமை உடையது. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளாற் பதனிட்ட தோலைக் காட்டிலும், குரோமிய உப்பாற் பதனிட்ட தோல் வெப்பத்தை நன்கு தாங்கும். ஆயினும் எத்தோலும் தன்னகத்துள்ள எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் இழந்தால் விறைத்து வெடிக்கும். மாரியிற் காற்றோட்டமின்றி மூடிக் கிடந்தால் அதன்மீது பூஞ்சணம் படரும். ஆண்டில் இரண்டு மூன்று முறை துடைத்துத் தோற்பசை பூசிவரும் பொறுமை உடையவர்க்கு மாத்திரமே தோல் நெடுநாள் உழைக்கும். அவ்வாறு பேணப்பட்டால் அது பழமையிலும் அழகு குன்றாது. கிழிந்த ஒரு பகுதியை மட்டும் வெட்டி மாற்றவும் இடந்தரும்.

செயற்கைத் தோலைத் தமிழர் இன்றும் ‘றெக்சின்’ என்றே வழங்குகின்றனர். அப்பெயர் உண்மையில் ஓர் ஆங்கில உற்பத்தியின் வணிகப் பெயராகும். பருத்தித் துணிமேல் நைத்திரோசெலுலோசுப் பூச்சைப் பூசிச் செய்யப்பட்ட அப்பழைய றெக்சின் எளிதில் தீப்பற்றக்கூடியது. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கு அதன் இடத்தைப் பிடித்தபோதும் பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதனை நெகிழச் செய்யும் எண்ணெய் போன்ற ஒரு பொருளை 1926இல் அமெரிக்காவில் வால்டோ சீமன் என்பார் அதனோடு கலந்து காட்டிய பின்னரே அது ஆசன உறைக்கு உதவுவதாயிற்று. வெயிற் சூட்டில் அந்நெகிழ்பொருள் சிறிது சிறிதாக வெளியேறுகின்றது. வண்டிக் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படியும் பசையின் ஒரு பகுதி அதுவே. அஃது அகன்றதும் உறை விறைத்துத் தையலோரத்திற் கிழிகின்றது. இதனாலேயே பி.வி.சி. உறையைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைத்தல் தகாது என்பர். அழுக்கோடு நெகிழ்பொருளையும் அவை கரைத்து எடுத்துவிடும். மென்மையான சவர்க்கார நீரும் ஈரத்துணியுமே போதுமானவை. இக்குறைகள் இருப்பினும், தடித்த துணிப்பின்னணி கொண்ட நல்ல பி.வி.சி. உறை நீரை உள்ளே விடாது. புழுதியையும் எளிதில் துடைத்துவிடலாம். வாடகை வண்டிக்கு அது பொருத்தமானதே.

இன்று தோலைப் போலவே மெத்தென்று தோன்றும் பொலியுரெதேன் உறைகள் மிகுதியாக விற்பனையாகின்றன. கைக்கு இதமானவை ஆதலின் வாங்குவோரை அவை எளிதிற் கவரும். ஆயினும் அவற்றுள் மலிவானவை வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் நீரினாலேயே சிதைவுறுகின்றன. சில ஆண்டுகளில் மேற்படலம் செதில் செதிலாக உரிந்து ஆடையில் ஒட்டும். இதற்குத் திருத்தம் இல்லை. முழு உறையையும் மாற்றவேண்டியதே. முன்தட்டிலும் கைப்பிடிகளிலும் பூசப்படும் மென்பூச்சுச் சில வண்டிகளிற் பிசுபிசுப்பதும் இத்தகைய சிதைவினாலேயே ஆகும்.

துணி வகைகளுள் நெருக்கமாக நெய்த பொலியெஸ்ரர் வெயிலை நன்கு தாங்கும், வியர்வையை வெளியேறவிடும், அமர்வோரைச் சுடாது. நைலோன் உராய்வைத் தாங்குவதிற் சிறந்ததெனினும் வெயிலில் வலு இழக்கின்றது. துணியின் குறை, புழுதியையும் சிந்திய பாலையும் தேநீரையும் தன்னுள் வாங்கிக்கொள்வதே. அதன்மேற் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை இடும் பழைய வழக்கம் இதற்கு ஏற்ற பரிகாரமாகும். புதிய வண்டியின் ஆசனத்தை மூடிவந்த பொலித்தீன் தாளை அழுக்குப் படாதென்று கழற்றாமல் விடுவோர் உளர். அத்தாளின் கீழே வியர்வையும் ஈரமும் அடைபட்டுப் பூஞ்சணம் தோன்றுமாதலால், அது காப்பாகாமற் கேடாகவே முடியும்.

உறையின் கீழே உள்ளது கண்ணுக்குத் தோன்றாவிடினும் ஆசனத்தின் உயிர் அதுவே. பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் இரும்புச் சட்டம், அதன்மேற் சுருள்வில், அதனை மூடிய சணற்சாக்கு, அதன்மேற் குதிரைமயிரோ தும்போ பஞ்சோ, எல்லாவற்றிற்கும் மேலே உறை என்ற அடுக்கு இருந்தது. இதன் சிறப்பு, ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துத் திருத்த முடிந்தமையே. சாக்கு இற்றுப்போனால் வேறு சாக்கு இடலாம். குதிரைமயிர் உதிர்ந்தால் தென்னந்தும்பு அடைக்கலாம். ஊரிற் குசன் வேலை செய்வோர் ஒருவரும் ஒரு தையற்பொறியும் இருந்தாற் போதும். ஐம்பது ஆண்டு கழிந்தும் அவ்வாசனங்கள் பயன்பட்டமைக்கு அவற்றின் பொருள் அழியாதது என்பது காரணமன்று. அழிந்த பகுதியை உள்ளூர்க் கைகளால் மாற்ற முடிந்ததே காரணம். நெடுங்காலத்துக்கென்று பொருளைத் தெரிவுசெய்வோர் முதன்மையாகக் கருதவேண்டியதும் இதுவே.

ஆகையால், புதிதாக ஆசனத் திருத்தம் செய்விப்போர் சிலவற்றைச் சோதித்தறிதல் நன்று. உறைப்பொருளின் சிறு துண்டு ஒன்றைப் பெற்று, அதன் பாதியைத் தகரத்தால் மூடி ஒரு மாதம் வெயிலில் இட்டால் நிறம் நிலைக்குமோ என்பது தெரியும். மற்றொரு துண்டைச் சிலநாள் நீரில் ஊறவிட்டு மடித்து நகத்தாற் கீறினால் மேற்படலம் பிரியுமோ என்பது விளங்கும். தையலுக்குப் பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போம். பொலியெஸ்ரர் நூலே தகுந்தது. மலிவான உறைக்கும் நல்ல உறைக்கும் தையற்கூலி ஏறத்தாழ ஒன்றே. மலிவானது இருமுறை மாற்றப்படின் கூலியும் இருமுறை கொடுக்கப்படும். தெரிந்தெடுத்த பொருளில் ஒரு யார் மிகுதியாக வாங்கிச் சுருட்டி வைத்துக்கொண்டால், சாரதியின் ஆசன ஓரம் முதலில் தேயும்போது அதே நிறத்தில் ஒட்டுப்போடலாம்.

தரையைப் பொறுத்தவரை, தடித்த கம்பள விரிப்பும் அதன் கீழுள்ள நார்ப்பாயும் மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, தகட்டை உட்புறமிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். மாரி தொடங்குமுன் விரிப்பை எடுத்து உலர்த்தி, தகட்டைப் பார்வையிட்டு, கழுவக்கூடிய இறப்பர் விரிப்பு இடுதல் நலம். கதவின் உட்பலகைக்குப் பின்னே நீரைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக்குத் தாள் இருக்கும். கண்ணாடியைத் திருத்துவோர் அதனைக் கிழித்தெறிந்துவிட்டால் பலகை ஊதிப்போகும். ஆதலின் அதனை மீள ஒட்டுவிக்க வேண்டும். கூரைத்துணி பழைய வண்டிகளிற் கம்பி வளைவுகளில் இழுத்துக் கட்டப்பட்டது. புதியனவற்றில் மெல்லிய நுரைமேற் பசையால் ஒட்டப்படுகின்றது. சூட்டில் நுரை பொடியாகித் துணி தொங்கும்போது பசையை மாத்திரம் மீண்டும் பூசுவதாற் பயனில்லை. பொடிந்த நுரையைச் சுரண்டி அகற்றிய பின்னரே புதுத்துணி நிலைக்கும்.

பழைய வண்டிக்குப் பொருந்தும் சுதந்திரம் புதிய வண்டிக்கு முற்றும் பொருந்தாது என்பதையும் கூறவேண்டும். இன்றைய வண்டிகள் பலவற்றில் விபத்தின்போது விரியும் காற்றுப்பை ஆசனத்தின் பக்கத்துள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அப்பக்கத் தையல் குறித்த விசையிற் பிரியுமாறு அமைந்தது. அதன்மேல் தடித்த உறையை இறுகத் தைத்துவிட்டால் உயிர்காக்கும் பை உரிய கணத்தில் விரியாது போகலாம். ஆகவே ஆசனத்திற் காற்றுப்பை உண்டென்னும் குறி காணப்படின், அப்பக்கத்தைத் திறந்துவிட்டுத் தைத்த உறையையே இடல் வேண்டும். ஆசனப்பட்டியையும் சாயமிடுதலோ வெளுத்தலோ கூடாது. ஓரம் நைந்த பட்டியைத் தைத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிடவேண்டும். தீயையும் மறத்தலாகாது. வாகனத்தின் உட்பொருளில் தீ ஒரு நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேற் பரவலாகாது என்பது அமெரிக்க நாட்டு விதி. ஏதென்று தெரியாத நுரையையும் துணியையும் வண்டியுள் அடைப்போர் இத்தகைய காப்பை இழக்கின்றனர்.

இவ்வளவும் செய்தபின்னர் எஞ்சுவது நிழல் ஒன்றே. கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில் வெயிலைத் தடுத்து, காற்றையும் உலவவிடுகின்றது. வெளியிடத்தில் நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு ஒரு தட்டியும், தலைசாயும் இடத்துக்கு எண்ணெயைத் தடுக்கும் ஒரு துவாயும் இடுவதற்குப் பெருஞ்செலவு இல்லை. வாரம் ஒருமுறை செம்புழுதியைத் தட்டி, மழை ஓய்ந்த பகலிற் கதவுகளைத் திறந்து உலரவிட்டு, சிறு கிழிசலை அன்றே தைப்பித்துக்கொள்பவரின் வண்டி, விலையுயர்ந்த தோலாசனம் பொருத்திவிட்டு வெயிலில் விட்டவரின் வண்டியைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும்.