பாடசாலைக்காகக் கேட்கும் கலை



தம்புள்ளை மலைக்குகைகளைக் காண வருவோர், உள்ளேயுள்ள சிலைகளையும் ஓவியங்களையும் கண்டு வியந்து திரும்புவது வழக்கம். குகைகளின் புறத்தே, மழைநீர் உள்ளே வழியாதவாறு பாறையில் வெட்டப்பட்ட விளிம்பையொட்டி, பழைய பிராமி எழுத்திற் பொறித்த சில வரிகள் இருக்கின்றன. அவற்றை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. இன்ன குகையை இன்னார் சங்கத்துக்கு வழங்கினர் என்பதே அத்தகைய வரிகளின் பொருள். பின்னர், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்ல மன்னனும், தான் செய்த திருப்பணியை இதே மலையிற் கல்வெட்டாக்கி வைத்தான். கொடுத்தவர் யார், கொடுத்த பொருள் எது, எவருக்காகக் கொடுத்தார் என்னும் மூன்றையும் அழியாமல் எழுதிவைக்க வேண்டும் என்ற அறிவு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டவருக்கு இருந்தது.

இன்று நம் பாடசாலைகளுக்குக் கிடைக்கும் கொடைகளைப் பற்றி இம்மூன்று வினாக்களையும் எழுப்பினால், எத்தனை பாடசாலைகளில் உடனே விடை கிடைக்கும்? பாடசாலைக்காக நிதி திரட்டுவோரும், பழைய மாணவரோடு தொடர்பு பேணுவோரும் அத்தொழிலை முறையாகக் கற்க வேண்டும் என்பதே இன்று யான் கூற முன்வந்த பொருள்.

இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசமாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. ஆசிரியர் சம்பளத்தையும் பாடநூலையும் அரசு தருகின்றது. எனினும், நூலகத்துக்குப் புத்தகம், விளையாட்டுப் பொருள், ஒழுகும் கூரைக்கு ஓடு, வறிய பிள்ளைக்குச் சப்பாத்து ஆகிய தேவைகள் எழும்போது, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தையும் பழைய மாணவர் சங்கத்தையுமே நாம் நாடுகின்றோம். இது நாடறிந்த செய்தி.

ஆனால், இப்பணியைச் செய்பவர் யார்? நேற்றுவரை விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் இன்று பொருளாளர். தமிழ் கற்பித்தவர் செயலாளர். வகுப்பிற் பாடம் நடத்துவதற்கு அவர் ஆண்டுக்கணக்கிற் பயிற்சி பெற்றிருக்கின்றார். இலட்சக்கணக்கான ரூபாயைக் கேட்டுப் பெற்று, காத்து, செலவிட்டு, கணக்குக் காட்டுவதற்கோ அவருக்குப் பெரும்பாலும் இரண்டு நாட் பயிற்சியேனும் கிடைப்பதில்லை. நல்லெண்ணம் இருந்தாற் போதும் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். நல்லெண்ணம் ஒன்றையே நம்பி எவரையும் பேருந்து ஓட்ட விடுவோமா?

கேட்பது என்பது நம்மவர்க்குக் கூச்சம் தரும் செயல். இரந்து கேட்பது இழிவு என்று ஆத்திசூடி படிக்கும் பருவத்திலேயே கற்றுவிட்டோம். வள்ளுவரோ இரவு என ஓர் அதிகாரமும், அதனையடுத்தே இரவச்சம் என மற்றோர் அதிகாரமும் வைத்தார். கேட்கத் தெரிதலும் வேண்டும். கேட்க அஞ்சுதலும் வேண்டும் என்பது அவர் வைப்புமுறையினின்று நாம் கொள்ளத்தக்க பாடம். பாடசாலைக்காகக் கேட்பவனுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், வீடுதோறும் எடுத்துவைக்கப்பட்ட பிடியரிசியைத் திரட்டிப் பள்ளியை நடத்திய செய்தி பலரும் அறிந்தது. அதன் நுட்பத்தைச் சற்று ஆராய்வோம். ஒருவரிடம் ஒரு மூடை கேட்டால் அவர் தயங்குவார். நூறு வீட்டில் ஒவ்வொரு பிடி கேட்டால் எவர்க்கும் சுமையில்லை. அன்றியும், நாளும் ஒரு பிடியை எடுத்து வைக்கும் இல்லத்தாள் நாளும் ஒருமுறை பள்ளியை நினைக்கின்றாள். சிறு தொகை, பலர், தொடர்ச்சி என்னும் மூன்றும் நிதி திரட்டும் கலையின் முதற் பாடம்.

பழைய மாணவரின் ஆற்றலுக்கும் யாழ்ப்பாணத்திலேயே சான்று உண்டு. 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. கல்விக்கூடம் மூடப்பட்ட பின்னும் அதன் மாணவர் அதனை மறக்கவில்லை. உயர்கல்வி நிலையம் ஒன்று மீண்டும் வேண்டும் என முன்னின்று முயன்றோருள் அவர்களும் இருந்தனர். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது. கட்டடம் போனாலும் கற்றவர் நெஞ்சிற் பள்ளி வாழ்ந்தால், அது மீண்டும் எழும்.

மேலைநாட்டிலும் இத்தொழில் எளிய முறையிலேதான் தொடங்கியது. அமெரிக்காவின் ஆவார்ட்டு கல்லூரிக்குப் பொருள் தேடி இங்கிலாந்து சென்றோருக்குத் துணையாக, 1643ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு சிறுநூல் அச்சிடப்பட்டது. கல்லூரி இன்ன பணி செய்கின்றது, இன்னது தேவை என்று எடுத்துரைத்த நூல் அது. யேல் பல்கலைக்கழகத்தின் வரலாறோ நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராயிருந்து பெரும் பொருள் ஈட்டிய எலிகு யேல் என்பவருக்கு, 1718ஆம் ஆண்டில் ஒரு கடிதம் சென்றது. நீர் உதவினாற் கல்லூரி உமது பெயரைத் தாங்கும் என்பது அதன் கருத்து. அவர் 9 பொதிச் சரக்கும், 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜோர்ஜின் உருவப்படமும் அனுப்பினார். சரக்கை விற்றுக் கிடைத்தது 562 பவுன். ஒரு கடிதத்தின் வலிமை அத்தகையது. ஆனால், அதே கொடையாளரின் பெயர் அடிமை வாணிகத்தோடு சேர்த்துப் பேசப்படுவதால், அப்பல்கலைக்கழகம் இன்றளவும் விடை கூற வேண்டியிருக்கின்றது. ஆகவே, கொடுப்பவர் கை எத்தகையது என்று பார்ப்பதும் இக்கலையின் ஒரு பகுதியே.

பின்னர், 1890இல் யேலின் பழைய மாணவர் ஆண்டுதோறும் இயன்றதைக் கொடுக்கும் நிதியம் ஒன்றைத் தொடங்கினர். அது நாவலர் கண்ட பிடியரிசியின் மறுவடிவம் எனலாம். அமெரிக்கக் கல்லூரிகளிற் பழைய மாணவர் தொடர்புக்கெனப் பணியாற்றியோர் 1913ஆம் ஆண்டு தமக்கென ஓர் அமைப்பைக் கண்டனர். அவ்வமைப்பு, கல்லூரிகளின் மக்கள் தொடர்பு அலுவலரது சங்கத்தோடு 1974இல் இணைந்தது. அதன்பின் பல நாடுகளைச் சேர்ந்த கல்வி நிலைய ஊழியர் ஒன்றுகூடிப் பயிலும் களமாக அது வளர்ந்தது. ஒருவர் கண்ட அனுபவம் அவரோடு மறையாமல் அடுத்தவருக்குப் பாடமாகும் வழி அங்கு உண்டு. நம்மிடம் அவ்வழி இல்லை. ஒரு பொருளாளர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அவர் அறிந்ததெல்லாம் அவரோடு போய்விடுகின்றது.

செல்வம் மிகுந்த நாட்டுக்கு ஒக்கும். நமக்கு ஒக்குமா என்று கேட்பீர்களாயின், 1958ஆம் ஆண்டிற் சென்னை மாநிலத்தில் நிகழ்ந்ததைக் கூறுவேன். காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலம் அது. கடம்பத்தூரில் தொடங்கி ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று முன்னரே பட்டியல் எழுதப்பட்டது. கரும்பலகை, கடிகாரம், நாற்காலி, கட்டடம் எனப் பிரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து, தமக்கு இயன்றதை ஊரார் ஏற்றுக்கொண்டனர். பொதுவாகப் பணம் தாரும் என்பதற்கும், இப்பள்ளிக்கு ஒரு கடிகாரம் வாங்கித் தாரும் என்பதற்கும் உள்ள வேற்றுமையை அவ்வதிகாரிகள் நன்கறிந்திருந்தனர்.

இனி, நம் பாடசாலைகளில் இப்பணியை ஏற்போர் கற்கவேண்டியவை யாவை எனப் பார்ப்போம். அவற்றை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, பெயர்ப் பதிவு. ஒவ்வொரு பாடசாலை அலுவலகத்திலும் சேர்வு இடாப்பு என்னும் பெரும் புதையல் இருக்கின்றது. விடுகைப் பத்திரம் பெற வரும் நாளிலேயே மாணவனின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதி வைத்தால், பத்தாண்டுகளின் பின் அவனைத் தேட வேண்டியதில்லை. வாட்சப் குழுவில் எல்லாரும் இருக்கின்றார்களே என்பர் சிலர். அக்குழுவை நடத்துபவர் கைபேசியைத் தொலைத்துவிட்டால் அந்த இடாப்பு எங்கே? பிறருடைய விவரங்களை அவர் இசைவின்றிக் கண்டவர்க்கும் கொடாமற் காப்பதும் இப்பாடத்தில் அடங்கும்.

இரண்டாவது, தொடர்பு. ஆண்டு முழுவதும் வாய்திறவாதிருந்து, மண்டபம் கட்டும் வேளையில் மட்டும் கடிதம் எழுதினால், உறையைக் கண்டவுடனேயே இது பணக் கடிதம் என்று பழைய மாணவர் அறிந்துகொள்வார். பரிசளிப்பு விழாச் செய்தி, ஓய்வுபெற்ற ஆசிரியரின் நலம், பரீட்சைப் பெறுபேறு என ஒன்றும் கேளாத கடிதங்கள் மூன்று சென்றபின், கேட்கும் கடிதம் நான்காவதாகச் செல்லட்டும்.

மூன்றாவது, கேட்கும் முறை. எவரிடம், எவ்வளவு, எதற்காக, எவர் வாயிலாகக் கேட்பது என்பதைத் திட்டமிட வேண்டும். உடன்பயின்ற நண்பன், தான் முதலிற் கொடுத்துவிட்டுக் கேட்டாற் பயன் மிகுதி. பணமாகவே கேட்க வேண்டும் என்பதும் இல்லை. தம்புள்ளையில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கு வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் மரக்கறி வந்து குவிகின்றது. அங்கே நாட்டாமை முதல் மொத்த வியாபாரி வரை எத்தனை பாடசாலைகளின் பழைய மாணவர் உழைக்கின்றனர்! லொறி வைத்திருப்பவர் மணல் ஏற்றித் தரலாம். தச்சர் மேசையைச் செப்பனிடலாம். கணக்காளர் ஏட்டைச் சரிபார்க்கலாம். நம் பழைய மாணவர் ஏழைகள் என்பது, அவர்களை எண்ணிப் பாராதவரின் சொல். 400 பேர் மாதம் 100 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சேரும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடத்தக்க கணக்கு.

நான்காவது, கணக்கும் நன்றியும். பற்றுச்சீட்டு அன்றே கொடுக்கப்பட வேண்டும். பணம் தனியார் கையில் தங்காமல் வங்கிக்குச் செல்ல வேண்டும். எதற்கென்று பெற்றோமோ அதற்கே செலவிட வேண்டும். கணக்காய்வு செய்த அறிக்கையைக் கொடுத்தவர் அனைவருக்கும் அனுப்ப வேண்டும். யான் அறிந்த ஒரு பாடசாலைக்கு, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் தண்ணீர்த் தாங்கிக்கெனப் பணம் அனுப்பினார். தாங்கியும் கட்டப்பட்டது, பிள்ளைகளும் நீர் அருந்தினர். ஆனால், அவருக்கு ஒரு வரி எழுத எவரும் முன்வரவில்லை. அவர் இருமுறை கேட்டெழுதினார், விடையில்லை. மூன்றாம் முறை அவர் எழுதவுமில்லை, அனுப்பவுமில்லை. அங்கே களவு ஒன்றும் நிகழவில்லை. நன்றி கூறுவதும் தம் கடமை என அப்பொறுப்பில் இருந்தவருக்கு எவரும் கற்பிக்கவில்லை, அவ்வளவே. களவினால் இழப்பதைவிட இத்தகைய மௌனத்தினால் நாம் இழப்பதே மிகுதி.

ஐந்தாவது, மறுக்கும் துணிவு. முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும் வேளையிற் பணம் பெறுவதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தடுக்கின்றன. எனினும், இலஞ்சக் குற்றச்சாட்டில் அதிபர்கள் கைதான செய்திகளைப் பத்திரிகைகளிற் படித்திருக்கின்றோம். முதலாந் தர அனுமதியில் 25 சதவீத இடங்கள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கெனப் பல ஆண்டுகளாக ஒதுக்கப்பட்டு வந்தமையால், அன்பினாலன்றிப் புள்ளிக்காகவே சங்கத்திற் சேருவோரும் உளர். கொடைக்கும் விலைக்கும் இடையிலுள்ள கோட்டை அறியாதவர் கையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்தல் ஆகாது.

இவற்றைக் கற்பிக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வலயக் கல்விப் பணிமனைகள் விடுமுறைக் காலத்தில் இரண்டு நாட் செயலமர்வு ஒன்றை நடத்தலாம். வர்த்தகம் கற்பிக்கும் ஆசிரியரும், வங்கியில் பணிபுரியும் பழைய மாணவரும் அங்கே விரிவுரை ஆற்றலாம். முதல் நாள் ஏடும் பற்றுச்சீட்டும். இரண்டாம் நாள் கடிதமும் நேரிற் பேசும் முறையும். மூன்று திங்கள் கழித்து ஒருவர் பாடசாலைக்குச் சென்று, கற்றது நடைமுறைக்கு வந்ததா எனப் பார்த்து வரட்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் அதிபர்களுக்கு நடத்தும் பயிற்சிகளிலும் இப்பொருள் விரிவாக இடம்பெறுதல் நலம். பொறுப்பை ஒப்படைத்துச் செல்வோர், தாம் கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி அடுத்தவர் கையிற் கொடுப்பதை விதியாக்கலாம்.

இதில் நாம் காலந்தாழ்த்தினால் இழப்பவர் யார்? பெருநகரத்துப் புகழ்பெற்ற கல்லூரிகள் எவ்வாறேனும் வாழும். அவற்றின் பழைய மாணவருள் மருத்துவரும் சட்டத்தரணிகளும் வணிகரும் நிரம்ப உளர். இலண்டனிலும் தொறன்ரோவிலும் கிளைச் சங்கங்கள் அமைக்க அவர்களால் இயலும். தோட்டத்து லயன் ஓரத்திலும், குளக்கரை ஊரிலும், இருநூறு பிள்ளைகளோடு இயங்கும் சிறு பாடசாலைக்கு அந்த வாய்ப்பில்லை. அரசு தருவது இரண்டுக்கும் ஒரே அளவாயினும், திறமையாகக் கேட்பது ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், இலவசக் கல்வி எதனை ஒழிக்க எழுந்ததோ அந்த ஏற்றத்தாழ்வு பின்வாசல் வழியே மீண்டும் வந்து சேரும்.

ஆதலின், பாடசாலைச் சங்கங்களிற் பொறுப்பேற்றுள்ள நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் நிதி திரட்டுவது பற்றிப் பேசுமுன், சென்ற முறை கொடுத்தவர்களின் பட்டியலை மேசைமேல் வையுங்கள். அவர்களுள் எவருக்கேனும் நன்றிக் கடிதம் செல்லவில்லையாயின், முதலில் அதனை எழுதுங்கள். கேட்கும் கடிதம் அதன்பின் செல்லட்டும்.